கேளுங்க சொல்றோம்: புது மைட்டுக்கு பேர் வைக்கிறது எப்படி?

கேள்வி: மழைக்காட்டு மண்ல புது வகை மைட், அதான் பொடி உண்ணி, கண்டுபிடிச்சாங்கன்னு நியூஸ்ல வருது. கண்ணுக்கே சரியா தெரியாத ஒன்னை புதுசுன்னு எப்படிங்க சொல்றாங்க? ஜுவாலஜி படிக்கிற என் பொண்ணை கேட்டா "அது பெரிய ப்ராசஸ்மா"ன்னுட்டு போயிடுது.
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பொண்ணு சொன்னது கரெக்ட்தாம்மா, ஆனா பிடிக்கிறது ஈஸி. காட்டுல உதிர்ந்த இலையையும் மேல்மண்ணையும் அள்ளிட்டு வந்து, புனல்ல சல்லடை வலை வெச்சு அதுமேல கொட்டி, மேல ஒரு குண்டு பல்பு எரிய விட்டா, மண்ணு மேலேர்ந்து காய காய உள்ள இருக்கிறதெல்லாம் ஈரத்தை தேடி கீழ இறங்கி கடைசில அடியில இருக்கிற ஆல்கஹால் பாட்டில்ல விழுந்துடும். பெர்லீஸ்ங்கிற இத்தாலிக்காரர் 1905-ல சொன்ன ஐடியா, பல்பு அப்புறம் சேர்ந்தது, இன்னிக்கும் இதான் ஓடுது.

தலைவலி அதுக்கப்புறம்தான். மண்ல ஒரிபாட்டிட்னு ஒரு குரூப்தான் ஜாஸ்தி, முக்காவாசி ஒரு மில்லிமீட்டர்கூட வராது, ஓடு கெட்டியா பிரவுனா இருக்கும். லாக்டிக் ஆசிட்ல ஊற வெச்சு ஓடு தெளிஞ்சதும் குழி ஸ்லைடுல போட்டு, மைக்ராஸ்கோப்ல மேல, கீழ, சைடுன்னு பொரட்டி பொரட்டி கையால படம் போடணும். ஒவ்வொரு முடிக்கும் தனி குறியீடு இருக்கு, காலுக்கு கால் எண்ணணும். முன்பக்கம் ரெண்டு குழியிலேர்ந்து ரெண்டு முடி கிளம்பும், அதோட நுனி சிலதுல ஊசியா, சிலதுல உருண்டையா, சிலதுல சீப்பு மாதிரி பல்லு பல்லா இருக்கும், அதைப் பார்த்தாலே பாதி பஞ்சாயத்து முடிஞ்சிடும்.

மீதி பாதி லைப்ரரில. இந்த குரூப்ல மட்டும் ஏற்கனவே 11,000 வகைக்கு மேல பேர் வெச்சாச்சு, அதனால பிரெஞ்சு, ஜெர்மன்ல இருக்கிற பழைய கட்டுரை வரைக்கும் தோண்டி "இது அது இல்ல"ன்னு காட்டணும். குஞ்சு மைட்டுக்கு ஆறு கால்தான், பெருசுக்கு எட்டு, உருவமும் வேற, அதனால குஞ்சை தனி வகைன்னு எழுதி மாட்டிக்கிட்டவங்களும் உண்டு. எல்லாம் தேறினா ஒரு உருப்படியை ஹோலோடைப்னு குறிச்சு மியூசியத்துல வைப்பாங்க, நாளைக்கு சந்தேகம் வந்தா அதை எடுத்துதான் பார்க்கணும். ஒரே ஒரு உருப்படியை வெச்சு பேர் வைக்க ரூல்ஸ் இடம் கொடுக்குது, ஆனா எனக்கு அது பிடிக்கிறதில்ல, அது ஊனமா பொறந்ததா இருந்தா?

கேள்வி: இதால யாருக்கு சார் லாபம்? நம்ம ஏரியால கிடைக்குமா?
- வாசகர், காசிமேடு

பதில்: காஞ்ச இலையையும் பூஞ்சையையும் அரைச்சு மண்ணாக்குற வேலைல இதுங்களுக்கும் பங்கு இருக்கு தம்பி. மத்திய அமெரிக்கா காட்டுல இருக்கிற விஷத்தவளைக்கு விஷத்துல பெரிய பங்கு இந்த மைட்டை தின்னுதான் வருது, கூண்டுல வேற தீனி போட்டு வளர்த்தா விஷமே ஏறாது. நம்ம பக்கம் பூவரசு மரத்தடி குப்பைல பாருங்க, மழை விட்டப்புறம் அள்ளினா நிச்சயம் ஏதாவது இறங்கும், புதுசா பழசான்னு அப்புறம் பார்த்துக்கலாம். எல்இடி பல்பு மட்டும் வேணாம், அவ்ளோ சூடு வராது.