வீட்டில் தமிழைத் தடுத்தால் ஆங்கிலம் வந்துவிடுமா?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 14 வயது. ஆங்கிலம் பேசும் நாட்டில் இருக்கும் எங்களிடம் ஆறு மாதம் முன்பு படிக்க வந்தான். அதுவரை எல்லாப் பாடமும் தமிழில் படித்தவன், நல்ல மதிப்பெண் எடுப்பான். இங்கே வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் ஆசிரியர். விளையாடும்போது மட்டும் ஏதோ பேசுகிறானாம். ஆங்கிலம் சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் தமிழ் பேசக் கூடாது எனச் சொல்லிவிட்டோம். இப்போது வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: அந்தத் தடையை இன்று இரவே எடுத்துவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், ஆனால் அவன் கையில் இருந்த ஒரே மூலதனத்தை அது பிடுங்கிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

விளையாடும்போது பேசுகிற ஆங்கிலமும் பாடத்தில் வரும் ஆங்கிலமும் வேறு வேறு. கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். பேச்சு ஆங்கிலம் பொதுவாக ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாட ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். 14 வயதில் வந்தவனுக்கு அத்தனை வருடம் பள்ளியில் மிச்சமில்லை. 'முதலில் ஆங்கிலம் வரட்டும், பாடத்தை அப்புறம் பார்க்கலாம்' என்று இருக்க முடியாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும், அதற்குத் தமிழ் வேண்டும்.

ஒரு உதாரணம். அறிவியல் புத்தகத்தில் 'இவாப்பரேஷன் இன்க்ரீசஸ் வித் டெம்பரேச்சர்' என்று ஒரு வரி. நான்கே சொல்தான், ஆனாலும் பையன் திகைத்து நிற்பான். சூடு ஏறினால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும் என்பது அவனுக்கு எப்போதோ தெரியும். தெரியாதது அந்த வரியின் கட்டு மட்டும். 'ஆவியாதல்' என்று தமிழ்ப் புத்தகத்தில் படித்திருப்பான் இல்லையா? 'விரிதல்', 'சுருங்குதல்' எல்லாம்கூட. அந்த 'தல்' செய்யும் வேலையைத்தான் 'இவாப்பரேஷன், எக்ஸ்பான்ஷன், கான்ட்ராக்ஷன்' ஆகியவற்றின் கடைசியில் வரும் 'ஷன்' செய்கிறது. இதை ஒருமுறை காட்டிவிட்டால், அடுத்த பக்கத்தில் அவனே நான்கைந்து சொல்லைப் பிடித்துவிடுவான். தமிழில் படித்த பிள்ளைக்கு இப்படிப் பல சாவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

அதனால் என் யோசனை: பள்ளியில் நடத்தப்போகும் பாடத்தை முந்தின நாள் இரவே, அரை மணி நேரம், தமிழில் பேசிவிடுங்கள். 'இது எதைப் பற்றி, உனக்கு இதில் என்ன தெரியும்?' அவ்வளவுதான். பிறகு ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து ஐந்து சொல் மட்டும் எடுக்கட்டும். ஐம்பது வேண்டாம். அறிவியல் கலைச்சொற்கள் தடித்த எழுத்தில் இருக்கும், ஆசிரியரே விளக்குவார். யாரும் விளக்காமல் விடுவது எல்லாப் பாடத்திலும் வரும் பொதுச்சொற்களை: அனலைஸ், ரிக்வையர், சிக்னிஃபிகன்ட். மொழி ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் இப்படிப்பட்ட 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், அவன் புத்தகத்தில் வரும்போது குறித்துக்கொண்டால் போதும். தெரிந்த சொல்லும் ஏமாற்றும் என்று சொல்லிவையுங்கள்: 'டேபிள்' என்றால் மேசை என்றே நினைத்திருப்பான், கணக்கில் அது அட்டவணை. 'வால்யூம்' சத்தமும் ஆகும், கன அளவும் ஆகும்.

சரி, வகுப்பில் வாய் திறப்பது எப்படி? புது மொழிக்குள் வந்தவர்கள் சில மாதம் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கமான ஒன்று. அந்த நேரத்தில் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் 14 வயதில் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. திடீரென்று எழுப்பிக் கேட்டால் உறைந்துவிடுவான். மறுநாள் கேட்கப்போகும் ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே தர முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பதிலை வீட்டில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் செய்ய இன்னொரு பயிற்சி. அன்று நடந்த எதையாவது நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். அதையே மூன்று நிமிடத்தில், மறுபடி இரண்டு நிமிடத்தில். முதல் சுற்றில் தடுமாறுவான். மூன்றாவதில் சொற்கள் தானாக வந்து விழும், முகமே மாறும். நீங்கள் கேட்பதற்குக் கூச்சப்பட்டால் போனில் பதிவு செய்யட்டும். முதல் பதிவை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். 'எஸ்டர்டே ஐ கோ டு லைப்ரரி' என்றால், 'ஓ, யூ வென்ட் டு த லைப்ரரி?' என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிக் கொடுத்தால் போதும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'த' இரண்டும் கடைசியில்தான் கைவரும், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆர்வமாகக் கேட்டால் தமிழிலிருந்தே விளக்கலாம்: 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது ஏதோ ஒரு புத்தகம், அங்கே 'ஏ'. இரண்டாவது நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம், அங்கே 'த'. எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் தொடங்க நல்ல இடம்.

உச்சரிப்பைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். 'ஃபோட்டோகிராஃப்'பில் முதல் அசையில் விழும் அழுத்தம் 'ஃபொடோகிரஃபி'யில் இரண்டாவதுக்குப் போய்விடும். படம் பார்த்தால் ஆங்கில வசனவரியோடு பார்க்கட்டும். தமிழ் வரி ஓடினால் காது தூங்கிவிடும்.

கடைசியாக ஒன்று. தடையை எடுத்த பிறகு சில வாரத்தில் தமிழிலாவது பழையபடி பேசத் தொடங்க வேண்டும். அப்போதும் பேசாமல், சாப்பாடும் தூக்கமும் குறைந்து ஒதுங்கியே இருந்தால், ஊரையும் அம்மாவையும் விட்டு வந்த ஏக்கமோ, பள்ளியில் யாராவது கேலி செய்வதோ காரணமாக இருக்கலாம். தாமதிக்காமல் பள்ளியின் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்றும் கேளுங்கள்.