டம்ளரை எறியும் பிள்ளையும் பத்துப் பேர் கூடிய வளவும்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 3 மாதம். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காகப் பங்காளிகள் எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது, கேட்டது கிடைக்கவில்லை என்றால் தரையில் விழுந்து புரண்டான். சாப்பிடும்போது டம்ளரை எறிந்தான். பெரியப்பா மகளின் கையைக் கடித்துவிட்டான். ஒருநாள் அழுத அழுகையில் மூச்சு நின்று உதடு நீலமாகிவிட்டது. 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே' என்கிறார் மாமியார். மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று. மூளையில் ஏதும் கோளாறா?
- பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: முதலில் அந்த நீல உதடு. கோபத்திலோ வலியிலோ வீரிட்டு அழும் பிள்ளை, விட்ட மூச்சை உள்ளே இழுக்காமல் நின்று நீலம் பாரித்துத் துவள்வது இந்த வயதில் வரக்கூடியதுதான். அவன் வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு திரும்பிவிடும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்காதீர்கள், வாயில் தண்ணீரோ விரலோ விடாதீர்கள். ஆனாலும் முதல் தடவை வந்திருப்பதால் குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டியே ஆக வேண்டும். இரும்புச்சத்துக் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வரும், மருந்து கொடுத்தால் குறையும். ஹீமோகுளோபினும், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சோறு இறங்கவில்லையே என்று பசும்பாலாகவே ஊற்றுகிற பழக்கம் இருந்தால், நாளைக்கு அரை லிட்டரோடு நிறுத்துங்கள். பாலில் வயிறு நிறைந்தால் இரும்புச்சத்துள்ள சாப்பாடு உள்ளே போகாது. அழாமலே மயங்கினாலோ, ஒரு நிமிடம் தாண்டினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் எழுதிய மற்ற எதுவும் கோளாறு இல்லை. கோபத்தையும் பயத்தையும் கிளப்பும் பகுதி மூளையின் ஆழத்தில் பிறந்ததிலிருந்தே வேலை செய்கிறது. அதை அடக்கி, 'பொறு' என்று சொல்லும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர 25 வயதை ஒட்டி ஆகிவிடும். 2 வயதில் எஞ்சின் ஓடுகிறது, பிரேக் இன்னும் பொருத்தப்படவில்லை. அவனுக்குப் புரிவதோ ஏராளம், வாயில் வருவது கொஞ்சம். 'அந்தத் தட்டு வேண்டாம், அம்மா தட்டு வேணும்' என்று சொல்ல முடியாதவன் தரையில் விழுகிறான்.

அந்த நேரத்தில் உபதேசம் ஏறாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தலை மோதாமல் ஒரு ஜமுக்காளத்தை அடியில் தள்ளிவிட்டு, அவன் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, 'கோபம் வந்துருச்சு, பணியாரம் இன்னும் வேணும்' என்று அவன் சொல்ல நினைத்ததை நீங்கள் சொல்லுங்கள். அவ்வளவுதான், பிறகு சும்மா இருங்கள். முதலில் கோபக் கத்தல், அது தணிந்ததும் விசும்பல். அந்த விசும்பலில்தான் மடிக்கு வருவான். அதற்கு முன்னால் தூக்கினால் உதைப்பான்.

டம்ளர் விஷயம் வேறு. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் இரண்டாங்கட்டு வரை கேட்கும். பத்துத் தலை திரும்பும், சித்தப்பா சிரிப்பார், ஆச்சிமார் 'ஐயோ' என்பார்கள். இதைவிட நல்ல விளையாட்டு அவனுக்கு வேறென்ன இருக்கிறது? யாரும் திரும்பக் கூடாது. டம்ளரில் இரண்டு வாய்த் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், குடித்ததும் 'அம்மா கையில கொடு' என்று கை நீட்டுங்கள். 'எறியாதே' என்றால் அவன் காதில் நிற்பது 'எறி'தான். எறிய ஆசை இருக்கத்தான் செய்யும், அதற்கு முற்றத்தில் துணிப்பந்தும் கூடையும் வையுங்கள். (பல்லாங்குழிச் சோழி வேண்டாம், தொண்டையில் சிக்கும்.)

கடித்தால் முதலில் கடிபட்ட பிள்ளையைக் கவனியுங்கள். பிறகு இவனிடம் ஒரே வரி: 'கடிச்சா வலிக்கும்.' திருப்பிக் கடித்துக் காட்டுவது பழைய வைத்தியம், அதில் அவன் கற்பது பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதைத்தான். இரண்டாம் கடவாய்ப் பல் 23 மாதத்திலிருந்து 33 மாதத்துக்குள் முளைக்கும், ஆகவே ஈறும் குறுகுறுக்கலாம். நனைத்துக் குளிர வைத்த பருத்தித் துணியைக் கடிக்கக் கொடுங்கள்.

இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். படைப்பு நாளில் யார் தூங்கவிட்டார்கள்? மதியம் ஒரு அறையைச் சாத்திப் படுக்க வைத்திருந்தால் மாலைக் கூத்தில் பாதி குறைந்திருக்கும்.

2 வயதுக்கு மேல் 'பால் வேணும்' மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, விரல் நீட்டிக் காட்டாவிட்டாலோ, பேசிய சொற்களை இழந்தாலோ மட்டும் தாமதிக்க வேண்டாம். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கிற மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். செலவு கிடையாது.

மாமியார் சொன்னதில் ஒரு பாதி சரி. செல்லம் பிள்ளையைக் கெடுக்காது, ஆளுக்கொரு சட்டம்தான் கெடுக்கும். நீங்கள் இல்லை என்ற போனை ஐயா (தாத்தா) எடுத்துக் கொடுத்தால், எவ்வளவு நேரம் கத்தினால் யார் இறங்கி வருவார்கள் என்று பிள்ளை கணக்குப் போட்டுவிடும். எப்போதாவது பலிக்கிற அழுகை விடவே விடாது. அதனால் இரண்டே இரண்டு சட்டம் போதும்: அடிக்கவோ கடிக்கவோ கூடாது, அழுதால் போன் கிடையாது. இதை நீங்கள் மாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் தம் ஆத்தாவிடம் சொல்லட்டும். மற்றதில் மாமியார் கொடுக்கிற கும்மாயம் என்கிற இனிப்பையும் கதையையும் தடுக்காதீர்கள். மிளகாய் சுற்றுவதையும்தான், புகை பிள்ளை மூக்கில் ஏறாமல் இருந்தால் சரி.

எல்லாரும் உறுதியாக நின்றால் முதல் சில நாள் அழுகை குறையாது, கூடும். பழைய சாவி ஏன் திறக்கவில்லை என்று பலமாகத் திருகிப் பார்ப்பான். அந்த வாரம் விருந்தாளி வராத வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.