பைத்தானா ஜாவாவா என்று கேட்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகனைப் பைத்தான், ஜாவா என்ற இரண்டு கணினி மொழிகளில் எதற்கான கோர்ஸில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்து வந்தவன் என்றால் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் பார்த்திருப்பான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்திலும் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் உண்டு. படித்ததில் எதை வைத்து அவனால் சொந்தமாக நாலு வரி எழுத முடிகிறது என்று முதலில் கேளுங்கள்.

வேலைக்கு ஆள் எடுப்பவரின் பக்கம் இருந்தும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புதிய ப்ராஜெக்டைத் தொடங்குபவர் ஆசைக்காக ஒரு மொழியை எடுப்பதில்லை. இருக்கும் குழுவுக்கு எது தெரியும், நாளைக்கு ஒருவர் விலகினால் அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பாரா என்றுதான் யோசிப்பார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து, அரசின் பழைய கணினிகள் திணறின. அவற்றில் ஓடியது 1959-இல் உருவாகத் தொடங்கிய கோபோல் மொழி. அது தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று ஆளுநரே கேட்க வேண்டியதாயிற்று. ஜாவாவும் பைத்தானும் இத்தனை இடங்களில் கேட்கப்படுவதற்கு, அவை தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பதும் ஒரு காரணம்.

அதனாலேயே போட்டியும் அதிகம். சான்றிதழ் எல்லோர் கையிலும் இருக்கும். நல்ல இன்டர்வியூவில் பையனின் ப்ராஜெக்டைத் திறக்கச் சொல்வார்கள். இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்? ஒரே பில் இரண்டு முறை பதிவானால் எப்படிக் கண்டுபிடிப்பாய்? காசு கொடுத்து ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கியவர்கள் இங்கேதான் வாயடைத்துப் போகிறார்கள். ஃபைனல் இயரில் அப்படி வாங்கித் தரச் சொல்லி அவன் கேட்டால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் அது.

என் யோசனை இதுதான். இப்போதைக்குப் பைத்தானிலேயே இருக்கட்டும். தெருமுனை மளிகைக்கடையின் கடன் கணக்கை எழுதிவைக்க ஒரு சின்ன மென்பொருள் செய்து, கடைக்காரரை ஒரு மாதம் நிஜமாகவே பயன்படுத்தச் சொல்லட்டும். அவர் குறை சொல்லச் சொல்லத் திருத்தட்டும். அந்தத் திருத்தங்களையெல்லாம், எழுதிய புரோகிராம்களைச் சேமித்துப் பிறருக்கும் காட்ட உதவும் கிட்ஹப் இணையதளத்தில் ஏற்றிவைத்தால், அவன் எப்படி யோசிக்கிறான் என்பது பார்ப்பவருக்குத் தெரியும். ஐந்தாவது செமஸ்டரில் தகவல்களை அடுக்கிவைக்கும் முறைகளைச் சொல்லும் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தைத் திரும்பப் படிக்கும்போது ஜாவாவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றை ஆழமாகக் கற்றவனுக்கு அடுத்தது சீக்கிரம் வரும். 2017-இல் ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் என்ற இன்னொரு கணினி மொழியையும் அதிகாரபூர்வ மொழியாக கூகுள் அறிவித்தபோது, ஜாவா நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது பெரிய பாடாக இல்லை.

கோச்சிங் சென்டருக்குப் போனால், போன பேட்ச் மாணவர்கள் எழுதிய புரோகிராம்களைக் காட்டச் சொல்லுங்கள். வாராவாரம் உங்கள் மகன் எழுதும் புரோகிராமைப் படித்துத் திருத்தப்போவது யார் என்றும் கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் கட்ட வேண்டாம். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தில் அவன் கல்லூரி வழியாகவே என்னென்ன பயிற்சிகள் வருகின்றன என்று பிளேஸ்மென்ட் அலுவலரிடம் இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள்.