சோலார் கூடாரத்தில் பூ ஏன் கறுக்கிறது?

பூவும் மூலிகையும் காயவைக்க மொட்டை மாடியில் பாலிகார்பனேட் (வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தகடு) சோலார் கூடாரம் போட்டிருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: சங்குப்பூவின் நீலம் வெளுக்கிறது, செம்பருத்தி கறுக்கிறது, துளசியில் வாசமே இல்லை, டப்பாவில் போட்டு வைத்தால் பூஞ்சணம். இன்னும் சூடு ஏற்ற வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். சூடு வெளியே போகிறதே என்று காற்று வழிகளை அடைத்து வைத்திருந்தால் முதலில் அதைத் திறங்கள். பறித்த பூவில் 80 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 10 கிலோ பூவை 10 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது 2.2 கிலோதான், மீதி 7.8 கிலோவும் ஆவியாகி வெளியே போயாக வேண்டும். வழி இல்லாவிட்டால் பூ காயாது, இட்லி மாதிரி வேகும்.

மேலே எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ப்பக்கம் கீழே கொசுவலை கட்டிய திறப்பு, இவ்வளவு போதும். ஃபேனைச் சின்ன சோலார் பேனலில் நேரடியாக ஓடவிட்டால் வெயில் ஏற ஏற அதுவும் வேகமெடுக்கும். அப்புறம், தட்டு இருக்கும் உயரத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும், ஏனென்றால் சித்திரை வெயிலில் மூடிய கூடாரத்துக்குள் 60 டிகிரி வருவது சாதாரணம். துளசி, புதினா, ஓமவல்லி எல்லாம் 40ஐ ஒட்டி நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் வாசனை எண்ணெய் பறந்துவிடும். பூவுக்கு 50க்குள்.

சங்குப்பூ விஷயம் வேறு. அந்த நீல நிறமிக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. நம் பாட்டிமார் நிழலில் உலர்த்தச் சொன்னது சும்மா இல்லை. தட்டுகளுக்கு மேல் கறுப்புத் துணியோ நிழல் வலையோ கட்டுங்கள், காற்று மட்டும் தடைபடக் கூடாது. பூவின் மேல் பூ படாமல் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள்.

சரி, பூஞ்சணம்? காய்ந்த சங்குப்பூ ஒன்றை எடுத்து அடியில் நசுக்கிப் பாருங்கள். இதழ் காகிதம் மாதிரி இருக்கும், ஆனால் அந்தப் பச்சைக் கிண்ணம் மட்டும் ரப்பர் போல வளையும், பூஞ்சணம் பெரும்பாலும் ஆரம்பிப்பது அங்கேதான். வளையாமல் படக்கென்று ஒடியும் வரை எடுக்காதீர்கள். செம்பருத்திக்கு அந்தப் பச்சைப் பாகத்தையும் நடுத்தண்டையும் முதலிலேயே கிள்ளிவிடுங்கள், பாதி வேலை மிச்சம்.

சாயங்காலம் ஃபேன் நின்றதும் திறப்புகளை மூடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி ஈரத்தைப் பூ திரும்ப இழுத்துக்கொள்ளும். மூட்டமான நாளில் பறிக்கவே வேண்டாம். ஆறிய பூவில் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் லேசாகப் பனித்திருந்தாலும் மொத்தத்தையும் திரும்பத் தட்டில் கொட்டுங்கள்.