பட்டிப்பளை ஆற்றுப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பா பட்டிப்பளை ஆறு என்கிறார், மகளின் பாடப் புத்தகத்தில் கல்லோயா. இரண்டும் ஒன்றா? (களுவாஞ்சிகுடி வாசகர்)

ஒன்றுதான். இலங்கையில் பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து, இங்கினியாகலை வழியாக இறங்கி, கல்முனைக்குத் தெற்கே கடலில் சேரும் ஆறு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது, இங்கினியாகலையில் அணை எழுந்து சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் உண்டானது. அந்தக் கல்லோயாத் திட்டத்தின் பெயரே ஆற்றுக்கும் நிலைத்துவிட்டது. பழைய பெயரை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அது நம் பாட்டன் பூட்டன் புழங்கிய பெயர். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பட்டிப்பளைப் பிரதேசச் செயலாளர் பிரிவோடு மட்டும் சேர்த்துக் குழம்பவேண்டாம்.

கேள்வி: பொத்துவில் முன்பு மட்டக்களப்பு மாவட்டமா?

ஆம். அம்பாறை 1961இல்தான் தனி மாவட்டமானது.

கேள்வி: வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் வட்டை (வயல்வெளி) மாரியில் மூழ்கினால் வெள்ளம் வடியவே மாட்டேன் என்கிறது. ஏன்?

வடகீழ்ப் பருவமழையில் மேற்கேயிருந்து வரும் தண்ணீர் மட்டக்களப்பு வாவியில் விழுகிறது. வாவியோ நீளமானது, ஆழம் குறைந்தது. அங்கிருந்து கடலுக்குப் போக இரண்டே வாய்கள்: மட்டக்களப்பு முகத்துவாரம், தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கம். கோடையில் கடல் மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். மணல்மேடு வெட்டப்படும்வரை தண்ணீர் வயலில்தான் நிற்கும். அதற்காக நேரத்தோடு வெட்டிவிடவும் முடியாது. உப்புநீர் ஏறினால் கரையோர வயலுக்குக் கேடு, மீன்பிடிகாரருக்கு வேறு கணக்கு. ஆகவே வெட்டும் நாளை விவசாயியும் மீனவரும் ஒன்றாயிருந்து பேசி முடிவெடுப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: டிசம்பரில் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம். யானை பார்க்கலாமா?

பிள்ளைகளின் விடுமுறையை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். டிசம்பர் இங்கே அடைமழை. 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவுக்கு மார்ச் முதல் ஜூலை வரை நல்ல காலம். அப்போது சேனநாயக்க சமுத்திரத்து நீர் வற்றி, கரையில் புல் தளிர்க்கும். யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் படகிலிருந்தே பார்க்கலாம், தும்பிக்கை மட்டும் நீருக்கு மேலே தெரியும். அந்தக் காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் நிற்கின்றன. வீட்டில் திரிபலைச் சூரணம் குடித்து வளர்ந்தவர்கள் அந்த மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் திரும்பக்கூடாது.

டிசம்பர்தான் என்றால் படகுப் பயணத்தை மறந்துவிடுங்கள். மழை விட்ட ஒரு காலையில் சம்மாந்துறை வயல்வெளிக்குப் போங்கள். மாரிகாலப் பெரும்போக நாற்று கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக நிற்கும், வாய்க்கால் நிறையப் பட்டிப்பளைத் தண்ணீர் ஓடும்.