கையில் என்ன இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எழுப்புதல் கூட்டங்களில் ‘யார் தங்களை முழுமையாக ஒப்புக்கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்கும்போதெல்லாம் கை உயர்த்தியிருக்கிறேன். ஐந்தாறு முறை இருக்கும். அழுதும் இருக்கிறேன். திங்கட்கிழமை வந்தால் அதே கணக்குப் புத்தகம், அதே எரிச்சல். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் அது உண்மையான பிரதிஷ்டையா, அதாவது தேவனுக்கென்று முழுதாக அர்ப்பணிப்பதா? இப்போதைக்கு வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபத்துக்காக அலுவலகத்திலிருந்து முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன். மீதி வேலை பக்கத்து மேசைக்காரர் தலையில் விழுகிறது. அவர் முணுமுணுக்கிறார். இதை என் சிலுவை என்று எடுத்துக்கொள்ளலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சிலுவைக் கேள்வி கடைசியில் இருக்கட்டும்.

பிரதிஷ்டை என்றதும் எதையாவது விடுவதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் பலி செலுத்தும் ஆசாரியர்களாக ஆரோனையும் அவன் குமாரரையும் பிரதிஷ்டை பண்ணச் சொல்லும் யாத்திராகமம் 28:41-இல், எபிரெயு மூலத்தில் இருப்பது ‘அவர்கள் கையை நிரப்பு’ என்ற வழக்கு. வெறும் சொல்வழக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. லேவியராகமம் 8-இல் மோசே பலியிட்ட ஆட்டுக்கடாவின் கொழுப்பையும் வலது தொடையையும் அப்பத்தையும் எடுத்து அவர்களுடைய உள்ளங்கைகளில் வைக்கிறார். அதைத்தான் அவர்கள் கர்த்தருக்கு முன்பாக அசைவாட்டுகிறார்கள். படைக்க வந்தவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். படைக்க வேண்டியதே அவர்கள் கையில் வைக்கப்படுகிறது. இந்த இடத்தைப் பல வருடம் நான் சும்மா வாசித்துக் கடந்திருக்கிறேன்.

அதற்குச் சற்று முன்புதான் ஆட்டுக்கடாவின் இரத்தத்தை வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுகிறார். நான் எழுதியிருந்தால் நெஞ்சில் பூசியிருப்பேன். அங்கே நெஞ்சைக் காணோம். கேட்கிற காது, பிடிக்கிற விரல், நடக்கிற கால். கணக்கெழுதும் உங்களுக்குப் பெருவிரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, பேனா நிற்பதே அதில்தான்.

சரி, அது ஆரோனுக்கு, கணக்கருக்கு எப்படிப் பொருந்தும் என்பீர்கள். பிரதான ஆசாரியனின் நெற்றியில் ஒரு பொற்பட்டம் இருந்தது. அதில் வெட்டியிருந்த எழுத்து, ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’. சகரியா 14-ஆம் அதிகாரத்தின் கடைசியில் அதே எழுத்து குதிரைகளின் மணிகளில் இருக்கும் என்கிறார் தீர்க்கதரிசி. குதிரை விரிகுளம்பு இல்லாத மிருகம். நியாயப்பிரமாணப்படி அசுத்தம், பலிக்கு ஆகாது. எருசலேமிலும் யூதாவிலும் உள்ள எல்லாப் பானைகளும் பரிசுத்தமாயிருக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். பானை பானையாகவே இருக்கிறது, அதில் சமையலும் நடக்கிறது.

முழுநேர ஊழியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அழைப்பு இருந்தால் போங்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தின் மேலுள்ள எரிச்சலை அழைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். ஊழியத்திலும் கணக்குப் புத்தகம் உண்டு.

ஐந்தாறு முறை கை உயர்த்தியதற்கு வெட்கப்படவும் வேண்டாம். ஆரோனும் அவன் குமாரரும் பிரதிஷ்டையின் ஏழு நாளும், ஆராதனை நடக்கும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலை விட்டு நகரக் கூடாது என்றுதான் கட்டளை. அங்கேயும் அது ஒரே சாயங்காலத்தில் முடிகிற காரியமாக இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை. மாற்கு 7-இல் இயேசு கொர்பானைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறார். தாய் தகப்பனுக்குக் கொடுத்து உதவ வேண்டியதை ‘இது தேவனுக்குக் காணிக்கை’ என்று சொல்லிவிட்டால் போதும், பிறகு அவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிட்டிருந்தது. அதாவது, பிரதிஷ்டையின் பெயரிலேயே கடமையிலிருந்து நழுவலாம். உங்கள் உபவாசத்தை நான் கொர்பான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்னதாகக் கிளம்பும் அந்த நேரம் நீங்கள் கொடுத்ததா, பக்கத்து மேசைக்காரர் கொடுத்ததா? சிலுவை என்று ஒன்று இருந்தால் அதை இப்போது அவர்தான் சுமக்கிறார்.

அவரிடம் பேசுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரம் வந்து உங்கள் பங்கை முடித்துவிட்டுக் கிளம்ப முடியுமா என்று பாருங்கள். முடியாத வாரத்தில் ஜெபத்துக்குத் தாமதமாகப் போங்கள், அங்கே யாரும் முணுமுணுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.