எத்தனை நிமிடம் நின்றீர்கள்?

கேள்வி: அருங்காட்சியகத்தில் ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரெஸ் என்ற தற்காலக் கலைஞரின் கண்காட்சியைப் பார்த்தேன். வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்களை மூலையில் கொட்டி, ராஸ் என்பவரின் உருவப்படம் என்கிறார்கள். இதை என் பேரன்கூடச் செய்வானே! இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். டிக்கெட் காசு வீண்தானே?

பதில்: வீண்தான். வீணாக்கியவர் நீங்கள். மொத்தக் கண்காட்சிக்கும் இருபது நிமிடம் என்றால், அந்தக் குவியலின் முன்னால் அரை நிமிடமாவது நின்றிருப்பீர்களா? ராஸ் யார் என்று கேட்கக்கூடவா தோன்றவில்லை?

ராஸ் அந்தக் கலைஞரின் காதலர். 1991-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். அதே ஆண்டில் உருவான படைப்பு இது. குவியலுக்குக் கலைஞர் குறித்த எடை 175 பவுண்டு, அதாவது சுமார் 79 கிலோ. நோய்க்கு முந்தைய ராஸின் உடல் எடை அது என்பது பரவலான விளக்கம். வருகிறவர்கள் மிட்டாயை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குவியல் கரைகிறது, நோயில் உடல் கரைவதைப் போல. குனிந்து ஒன்றை எடுக்கிறீர்கள். தாள் சரசரக்கிறது, நாக்கில் இனிக்கிறது. அந்த இனிப்பு ஒரு மனிதனின் எடையிலிருந்து கழிந்தது என்று உறைக்கும்போது தொண்டை அடைக்கும். எனக்கு அடைத்தது. அருங்காட்சியகத்தார் மறுபடி மிட்டாயைக் கொட்டி நிரப்பவும் செய்யலாம். போனவரை எழுப்பி உட்கார வைப்பது போல.

உங்கள் பேரன் மிட்டாயைக் கொட்டுவான், மறுக்கவில்லை. அதில் ஓர் ஆளின் எடையை வைக்க, அந்த ஆளை இழந்திருக்க வேண்டும். அந்தத் துயரம் குழந்தைக்கு வரவே வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்கிறேன். லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2007-இல் டோரிஸ் சால்செடோ என்ற கலைஞர் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு பிளவை உண்டாக்கினார். குடியேறி வந்தவர்களை ஒதுக்கும் நிறவெறியைப் பற்றிய படைப்பு அது. பின்னர் பூசி மூடினார்கள்; தழும்பு மறையவில்லை. தரை வெடித்திருக்கிறது என்று அதையும் நீங்கள் தாண்டிப் போயிருக்கலாம்.

தற்காலக் கலை என்று வருவதெல்லாம் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். உள்ளே ஒன்றும் இல்லாதவையும் உண்டு. ஆனால் பார்த்துவிட்டு நிராகரியுங்கள்.

இன்னொரு முறை போங்கள். எல்லா அறைகளையும் சுற்ற வேண்டாம், மூன்று படைப்புகள் போதும். குறிப்பைப் படிக்காமல் ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு படியுங்கள், திரும்பவும் பாருங்கள். பேரனையும் அழைத்துச் செல்லுங்கள். மிட்டாயை அவன் கையாலேயே எடுக்கட்டும். யார் அந்த ராஸ் என்று அவன் கட்டாயம் கேட்பான்.